லிப்டுக்குள் இருந்து கதைத்தால் யாருக்குக் கேட்கும்?

மின்னும் ஒலியும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழின் கடைசியில், லிப்ட் இன்டர்கொம், அதாவது லிப்டுக்குள் இருப்பவர் வெளியில் உள்ளவரோடு கதைக்கிற கருவி, அதைப் பற்றி யாருக்காவது கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தேன். வன்னியில் லிப்ட் உள்ள கட்டடம் எத்தனை இருக்கப்போகிறது, இரண்டு கடிதம் வந்தாலே பெரிய விசயம் என்றுதான் நினைத்தேன். வந்தது ஒரு கட்டு. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து எட்டை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கடைக் கட்டடம் ஏ9 வீதியோரம், நாலு மாடி. கீழே காவலாளி கதைப்பது லிப்டுக்குள் நன்றாகக் கேட்கிறது, லிப்டுக்குள் இருந்து கதைப்பது அவருக்குக் கேட்பதில்லை. மைக் போய்விட்டது என்றார்கள். ஊரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தம்பி ஒருவர் புது மேடை மைக் ஒன்றின் உள்பகுதியைக் கழற்றிப் பூட்டித் தந்தார். இப்போது கிணற்றுக்குள் யாரோ முனகுவது போல இருக்கிறது. மைக் புதிதுதானே, ஏன் இப்படி?
(கட்டடப் பொறுப்பாளர், கிளிநொச்சி)

பதில்: தம்பியில் பிழை சொல்லமாட்டேன். கோயில் திருவிழாவுக்கு அது நல்ல மைக்தான். ஆனால் மைக்கில் வகை இருக்கிறது, ஒன்று இருந்த இடத்தில் மற்றதைப் போட்டால் இப்படித்தான் முனகும்.

மேடை மைக் டைனமிக் வகை. உள்ளே மெல்லிய தாள் போல ஒரு சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச் சுருள், பக்கத்தில் காந்தம். குரல் பட்டுச் சுருள் ஆடினால் மின் தானாகப் பிறக்கும். வெளியில் இருந்து கரண்ட் கொடுக்கத் தேவையில்லை, ஆனால் பிறக்கிறது ஒன்றிரண்டு மில்லிவோல்ட்தான். உங்கள் லிப்டில் முதலில் இருந்தது, பெரும்பாலும், எலெக்ரெட் வகை. சட்டைப் பொத்தான் அளவு, அலுமினியக் கூடு, முன்பக்கம் கறுப்புத் துணி ஒட்டியிருக்கும். அதற்குள்ளேயே ஒரு குட்டி ட்ரான்சிஸ்ரர் இருக்கிறது, அது வேலை செய்யக் கரண்ட் வேண்டும். அந்தக் கரண்டை இன்டர்கொம்மின் சர்க்கியூட் பலகை, நாங்கள் போட் என்கிறது, அதே இரண்டு வயரிலேயே, அநேகமாக 2.2 கிலோ ஓம் அளவு ரெசிஸ்ரர் (மின்தடை) ஒன்றின் ஊடாக அனுப்பிவிடும், குரலும் அதே வயரில் திரும்பி வரும். எலெக்ரெட் தருகிற சிக்னல் டைனமிக்கை விடப் பல மடங்கு பெரிது, போட்டும் அதை எதிர்பார்த்தே செய்யப்பட்டது. அதில் டைனமிக்கைப் பூட்டினால் சிக்னலும் போதாது, தேவையில்லாத கரண்டும் சுருளுக்குள் ஓடி சவ்வை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கும்.

கண்டுபிடிக்கிறது சுகம். போட்டில் மைக் என்று போட்ட இரண்டு முனையில் இருந்தும் வயரைக் கழற்றிவிட்டு மல்ரிமீற்றரை டீசி வோல்டில் வைத்துப் பாருங்கள். இரண்டு வோல்டோ, ஐந்தோ, எட்டோ காட்டினால் அது எலெக்ரெட் கேட்கிற போட். ஒன்றுமே காட்டாவிட்டால் டைனமிக்காக இருக்கலாம், அல்லது போட்டே செத்திருக்கலாம். எலெக்ரெட்டைப் பூட்டிய பிறகு அந்த வோல்ட் கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் எங்கோ வயர் விட்டிருக்கிறது, பூச்சியத்துக்கு வந்தால் எங்கோ முட்டுகிறது.

அப்புறம் பிளஸ், மைனஸ். எலெக்ரெட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஈயம் வைக்க இரண்டு புள்ளி இருக்கும். ஒன்றில் இருந்து மட்டும் மெல்லிய கோடுகள் ஓடி அலுமினியக் கூட்டைத் தொடும், அதுதான் மைனஸ். மாறிக் கொடுத்தால் வேலை செய்யாது. ஈயம் வைக்கும்போது இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் சூடு காட்டாதீர்கள், உள்ளே இருப்பது பிளாஸ்ரிக் சவ்வு, உருகிவிடும். கடையில் வாங்கும்போது வயரோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள், இருபது முப்பது ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

தம்பி இன்னொரு காரியமும் செய்திருக்கிறார். உங்கள் கடிதத்தோடு வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயர் ஒன்று மிச்சம் என்று ஸ்பீக்கர் மைனஸையும் மைக் மைனஸையும் ஒன்றாக முறுக்கி ரேப் சுற்றியிருக்கிறார். வேண்டாம், உடனே பிரியுங்கள். இப்போது வருகிற சின்ன அம்பிளிபயர் சிப் பலதில் ஸ்பீக்கருக்குப் போகிற இரண்டு முனையுமே உயிருள்ள முனை, எதுவும் மைனஸ் இல்லை. ஒன்றை மைக் மைனஸோடோ லிப்டின் இரும்போடோ தொட வைத்தால் சிப் சூடாகிச் சாகும். சாகாவிட்டால் ஊளையிடும். மைக்குக்கு இரண்டு, ஸ்பீக்கருக்கு இரண்டு, மொத்தம் நாலு வயர், இதில் கஞ்சத்தனம் கூடாது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கீழே காவலாளி அறையில் இருக்கிற பெட்டி உங்களுடையது, அதைத் திறந்து பாருங்கள். லிப்டின் பட்டன் பலகையைக் கழற்றுவது, லிப்டின் கூரையில் ஏறுவது, அடியில் உள்ள குழிக்குள் இறங்குவது எல்லாம் லிப்ட் பராமரிப்புக்காரரின் வேலை. கூரையில் நின்று வேலை செய்வதற்கென்று தனிச் சுவிச் இருக்கிறது, அது தெரியாமல் ஏறியவனை மேலே யாரோ பட்டன் அழுத்திக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். நீங்கள் மைக்கை வாங்கி, போட்டில் எத்தனை வோல்ட் என்று எழுதி அவர் கையில் கொடுங்கள், அவருக்கும் வேலை சுகம்.

கேள்வி: ஸ்பீக்கர் கிழிந்துபோனதால் மாற்றினோம். பழையதில் 8 ஓம் என்று இருந்தது, கடையில் 4 ஓம்தான் கிடைத்தது. சத்தம் முந்தியை விடக் கூட. ஆனால் லிப்டுக்குள் “கீ...” என்று ஊளை. சத்தத்தைக் குறைத்தால் கதைப்பது கேட்கவில்லை.
(மின் வேலை செய்பவர், வவுனியா)

பதில்: இரண்டு விசயம். முதலாவது, 4 ஓமைக் கழற்றிவிடுங்கள். நம்மூரில் ஓம் என்றால் எல்லாவற்றுக்கும் சம்மதம், அம்பிளிபயர் அப்படிச் சம்மதிக்காது. தடை பாதியானால் கரண்ட் இரட்டிப்பு, 8 ஓமுக்கென்று செய்த சிப் அதைக் கொஞ்ச நாள்தான் தாங்கும். எழுத்து அழிந்த பழைய ஸ்பீக்கர் என்றால் மீற்றரை ஓமில் வைத்துப் பாருங்கள், 8 ஓம் ஸ்பீக்கர் ஆறு, ஏழு என்றுதான் காட்டும், பயப்படத் தேவையில்லை. 8 ஓம் கிடைக்கவேயில்லை என்றால் 4 ஓம் இரண்டைத் தொடராக, ஒன்றின் வாலில் மற்றதின் தலையை வைத்து இணைத்தால் 8 ஆகிவிடும்.

இரண்டாவது ஊளை. லிப்டில் ஸ்பீக்கரில் இருந்து வருகிற சத்தம் பக்கத்தில் இருக்கிற மைக்குக்குள் புகுந்து, வயர் வழியே காவலாளியின் ஸ்பீக்கருக்குப் போய், அவருடைய மைக்குக்குள் புகுந்து, திரும்பவும் லிப்டுக்கு வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பெருத்தால் போதும், கண்மூடித் திறப்பதற்குள் கீச்சிடும். லார்சன் என்ற டென்மார்க் விஞ்ஞானியின் பெயரால் இதை அழைப்பார்கள். லிப்ட் என்பது இரும்புப் பெட்டி, சத்தத்தை உறிஞ்ச ஒரு திரைச்சீலைகூட இல்லை, அதனால் அங்கே இது இன்னும் மோசம்.

மலிவான வழி, காவலாளியின் பக்கத்தில் திறந்த ஸ்பீக்கருக்குப் பதிலாகத் தொலைபேசி மாதிரி ரிசீவர் கொடுப்பது. அவர் காதில் வைத்தால் அந்தப் பக்கத்துச் சுற்று அறுந்துவிடும், ஊளை அநேகமாக அப்போதே நின்றுவிடும். லிப்டின் பக்கத்தில் மைக்கையும் ஸ்பீக்கரையும் ஒரு முழமாவது தள்ளி வைக்க முடியுமா பாருங்கள். மைக்கைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு, முன்பக்கத் துளைக்கு நேரே முட்டும்படி இருத்த வேண்டும். பலர் மைக்கைப் பலகைக்குப் பின்னால் சும்மா தொங்கவிட்டிருப்பார்கள், அது ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தத்தைத்தான் முதலில் பிடிக்கும், ஆள் கதைப்பதைக் கடைசியாகத்தான் பிடிக்கும். உங்கள் வேலையும் அதுதான் என்று எனக்குச் சந்தேகம்.

கேள்வி: எங்கள் காவலாளி அறை கேற்றடியில். லிப்டின் போட்டில் இருந்து அங்கே சுமார் 60 மீற்றர். வீட்டில் கிடந்த மெல்லிய தொலைபேசி வயரை இழுத்து 8 ஓம் ஸ்பீக்கர் பூட்டினேன். எறும்பு கதைப்பது போல இருக்கிறது. பெரிய அம்பிளிபயர் வாங்கட்டா?
(புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: காசை வைத்திருங்கள். கணக்கைப் பாருங்கள், உங்கள் கரண்ட் எங்கே போகிறது என்று தெரியும். அந்த வயர் அரை மில்லிமீற்றர் விட்டம் என்றால், போக 60, வர 60, மொத்தம் 120 மீற்றர் செம்புக்குச் சுமார் 10 ஓம் தடை. உங்கள் ஸ்பீக்கரோ 8 ஓம். அதாவது ஸ்பீக்கரை விட வயர் பெரிய ஆள். ஸ்பீக்கர் போட்டின் பக்கத்தில் இருந்தால் கிடைக்கக்கூடிய சக்தியில் ஐந்தில் ஒரு பங்குகூட கேற்றடிக்கு வராது, மிச்சத்தில் ஒரு பகுதி வயரைச் சூடாக்கும், மற்றதை அம்பிளிபயர் கொடுக்கவே மாட்டாது. அதே தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்திருந்தால் தடை மூன்று ஓமுக்கும் குறைவு.

வயரை மாற்ற முடியாத இடமாக இருந்தால், நிலத்துக்குள் குழாய் போட்டு மூடிவிட்டீர்கள் என்றால், அம்பிளிபயரைக் கேற்றடிக்குக் கொண்டுபோங்கள். வயரில் பெரிய கரண்ட் போகாமல் சிக்னல் மட்டும் போகும், அங்கே பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கலாம். திருவிழாவுக்குப் புனல் ஒலிபெருக்கி கட்டுகிறவர்கள் கிலோமீற்றர் கணக்கில் வயர் இழுத்தும் சத்தம் குறையாததற்குக் காரணம் கேட்டிருக்கிறீர்களா? வோல்டை ரான்ஸ்போமரால் 100 வரைக்கும் ஏற்றிக் கரண்டைக் குறைத்து அனுப்பி, ஒவ்வொரு புனலடியிலும் இன்னொரு ரான்ஸ்போமரால் இறக்குகிறார்கள். லிப்டுக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனால் கணக்கு ஒன்றுதான்.

கேள்வி: லிப்ட் நிற்கும்போது இன்டர்கொம் சுத்தமாக இருக்கிறது. ஓடத் தொடங்கினால் “ங்ங்...” என்று ஒரு இரைச்சலும் அதன் மேல் ஒரு விசிலும். வேகம் மாறும்போது விசிலும் மாறுகிறது.
(முருங்கன் வாசகர்)

பதில்: வடிவாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. விசில் வருவது மோட்டரின் வேகத்தை மாற்றுகிற இன்வேர்ட்டரில் இருந்து, அது ஒரு செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை கரண்டை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. இரைச்சல் நம்முடைய 50 ஹேர்ட்ஸ் கரண்டின் சத்தம். இரண்டும் மைக் வயருக்குள் காற்றிலேயே புகுகின்றன, ஏனென்றால் லிப்டோடு மேலும் கீழும் ஆடுகிற அந்தத் தட்டைக் கேபிளுக்குள் மைக் வயரும் கதவு மோட்டர் வயரும் ஒரே பாயில் படுத்திருக்கின்றன.

நல்ல கேபிளில் குரலுக்கென்று முறுக்கிய சோடி ஒன்று, மேலே வலை சுற்றி, தனியாக இருக்கும். முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள். பல இடத்தில் அது சும்மா கிடக்க, மைக்கை வேறு எதிலோ பூட்டியிருப்பார்கள். வலையை ஒரு முனையில் மட்டும், போட்டின் பக்கத்தில், எர்த் பண்ண வேண்டும். இரண்டு முனையும் எர்த் பண்ணினால் வலையே ஒரு வளையமாகி இரைச்சலை வாங்கி உள்ளே விடும். அப்படி ஒரு சோடி இல்லாத கேபிள் என்றால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு வயரை மைக்குக்கு எடுத்து, அதன் இரு கரையிலும் உள்ள சும்மா வயர்களை எர்த்தில் போடலாம், முழுதாக நிற்காது, குறையும்.

இரைச்சல்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடாதீர்கள். ஏன் சொல்கிறேன் என்றால், சில வருசத்துக்கு முன் வவுனியாவில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் நானே லிப்டுக்குள் மாட்டினேன். மதிய நேரம், கரண்ட் போய்விட்டது. மஞ்சள் மணிப் பட்டனை அழுத்தினேன், மேலே மணி அடித்தது, அது எனக்குத்தான் கேட்டது. இன்டர்கொம்மில் கூப்பிட்டேன், பதில் இல்லை. இருபத்தைந்து நிமிசம். வெளியே வந்து காவலாளி அறைக்குப் போனால், பெட்டியின் ஸ்பீக்கர் துளைகள் மேல் பிளாஸ்ரர் குறுக்கும் நெடுக்கும் ஒட்டியிருக்கிறது, மேலே ஒரு குடை தொங்குகிறது. “அது நாள் முழுக்க இரையும் ஐயா, தலையிடி, அதுதான் ஒட்டினேன்” என்றார் மனுசன். அவரில் எனக்குக் கோபமே வரவில்லை. எட்டு மணி நேரம் அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் இருந்தால் நானும் ஒட்டியிருப்பேன்.

கேள்வி: கரண்ட் போனால் இன்டர்கொம்மும் போகிறது. உள்ளே ஒரு 12 வோல்ட் பற்றரி இருக்கிறதுதான். லொறியின் பழைய பற்றரி ஒன்று இருக்கிறது, அதைப் பூட்டலாமா?
(முல்லைத்தீவு வாசகர்)

பதில்: வேண்டாம். லொறிப் பற்றரி சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வாயுவை விடும், மூடிய மோட்டர் அறையில் அது நல்லதல்ல, அந்தக் குட்டிச் சார்ஜரால் அதை நிரப்பவும் முடியாது. இன்டர்கொம்முக்குள் இருக்கிற பற்றரியில் என்ன குறை என்று முதலில் பாருங்கள். 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரி என்று வையுங்கள், கதைக்கும்போது இன்டர்கொம் 300 மில்லி அம்பியர் இழுத்தாலும் கணக்குப்படி 20 மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். லிப்டின் அவசர அழைப்புக்கென்று ஐரோப்பாவில் உள்ள ஈ.என். 81-28 தரம் கேட்பது ஒரே ஒரு மணி நேரம்தான். உங்களுடையது ஒரு நிமிசம்கூட நிற்கவில்லை என்றால் பற்றரி செத்துவிட்டது, அல்லது சார்ஜ் போகவேயில்லை. சார்ஜில் இருக்கும்போது முனையில் 13.5 தொடக்கம் 13.8 வோல்ட் காட்ட வேண்டும். காட்டியும் கரண்ட் போனதும் விழுகிறது என்றால் பற்றரியில்தான் பிழை.

இன்டர்கொம் பற்றரிகள் 25 பாகைச் சூட்டில் மூன்று தொடக்கம் ஐந்து வருசம் வரும். பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதி. மொட்டைமாடியில் தகரத்துக்குக் கீழே, ஆவணி வெயிலில், மோட்டர் அறை என்ன சூடு என்று நீங்களே ஒருமுறை கதவைத் திறந்து பாருங்கள். அதனால் இங்கே இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றுவதைத்தான் நான் சொல்வேன், வாங்கிய திகதியைப் பற்றரி மேலேயே பேனையால் எழுதிவிடுங்கள். மாதத்துக்கு ஒருநாள், லிப்ட் ஒரு மாடியில் கதவு திறந்து நிற்கும்போது, மோட்டர் அறைச் சுவிச்சைப் பராமரிப்புக்காரரை வைத்து நிறுத்தி, ஒருவர் உள்ளேயிருந்தும் ஒருவர் கேற்றடியில் இருந்தும் கதைத்துப் பாருங்கள். “ஹலோ, கேட்குதா” என்றால் எல்லாரும் “ஓம்” என்றுதான் சொல்வார்கள். ஒரு இலக்கத்தைச் சொல்லி மற்றவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: அதே ஸ்பீக்கரில் காலையில் பக்திப் பாட்டுப் போடலாமா?
(வவுனியா வாசகர்)

பதில்: வேறு ஸ்பீக்கர் பூட்டிப் போடுங்கள். அவசரப் பட்டன் அழுத்தியதும் பாட்டு நிற்கும்படி ஒரு ரிலேயும், அதாவது கரண்டால் தானாக மாறுகிற சுவிச்சும், வையுங்கள். மாட்டிக்கொண்டவர் கூப்பிடும்போது சீர்காழியார் உச்சத்தில் நிற்கக் கூடாது.

கேள்வி: எங்கள் கட்டடத்தில் இரவில் காவலாளி இல்லை. கைத்தொலைபேசி இருக்கும்போது இன்டர்கொம் எதற்கு என்கிறார் முதலாளி. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, மூன்றாம் மாடிக்கு ஒவ்வொரு நாளும் போகிறேன், காது கொஞ்சம் மந்தம். மாட்டிக்கொண்டால் காற்று முடிந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.
(ஒட்டுசுட்டான் வாசகி)

பதில்: ரீச்சர், காற்றுப் பயத்தை முதலில் விடுங்கள். லிப்ட் காற்றுப் புகாத பெட்டி இல்லை. மேலேயும் கீழேயும் காற்றுப் போய்வர இடைவெளி விட்டே செய்கிறார்கள், கதவு ஓரத்திலும் நீக்கல் இருக்கிறது. மணிக்கணக்கில் இருந்தாலும் மூச்சு முட்டாது. வியர்க்கும், அவ்வளவுதான். கதவை நெம்பித் திறந்து குதிக்க முயற்சி செய்கிறவர்களுக்குத்தான் ஆபத்து.

முதலாளிக்குச் சொல்லுங்கள்: இரும்புப் பெட்டிக்குள் கைத்தொலைபேசிச் சிக்னல் பல நேரம் வராது, நம் பக்கத்தில் வெளியிலேயே சில இடத்தில் ஒரு கோடுதான். ஆள் இல்லாத இரவுக்கு, பட்டனை அழுத்தியதும் தானாக ஒரு தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கிற இன்டர்கொம் இருக்கிறது. முதல் இலக்கம் எடுக்காவிட்டால் அடுத்ததுக்குப் போகும். சிம் போடுகிற வகை என்றால் அன்ரெனாவை மோட்டர் அறைக்கு வெளியே, உயரத்தில் வைக்க வேண்டும், லிப்டுக்குள் வைத்துப் பிரயோசனம் இல்லை. சிம்மில் காசு முடிந்து கிடப்பதுதான் நான் அதிகம் கண்ட பிழை. நான் மேலே சொன்ன அதே ஐரோப்பியத் தரம், கருவி மூன்று நாளுக்கு ஒருமுறையாவது தானே சோதனை அழைப்பு எடுக்க வேண்டும் என்கிறது. அந்த வசதி உள்ளதா என்று வாங்கும்போது கேளுங்கள்.

உங்கள் காதுக்கு: அந்தத் தரத்தில் செய்த லிப்டில் இரண்டு விளக்குப் படம் இருக்கும். மஞ்சளில் மணி எரிந்தால் உங்கள் அழைப்புப் போய்விட்டது, பச்சை எரிந்தால் மறுபக்கம் ஒருவர் எடுத்துவிட்டார். ஒன்றும் கேட்காவிட்டாலும் பச்சையைக் கண்டால் நின்ற இடத்தில் இருந்தே மாடியையும் பெயரையும் சொல்லுங்கள். காதுக் கருவி போடுகிறவர்களுக்கு நேராகச் சத்தத்தை அனுப்புகிற காந்தச் சுருள் பூட்டிய லிப்டும் உண்டு. மஞ்சள் பட்டனைச் சில விநாடி விடாமல் அழுத்த வேண்டும், சின்னப் பிள்ளைகள் தட்டி விளையாடினால் அழைப்புப் போகாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். ஒருதரம் தட்டிவிட்டு “வேலை செய்யவில்லை” என்று கையை எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஸ்பீக்கரையே மைக்காகப் பாவிக்கலாம் என்று எங்கள் அப்பா சொல்கிறார். உண்மையா? புது மைக் கொழும்பில் இருந்து வர இரண்டு கிழமை ஆகும், அதுவரைக்கும் சமாளிக்க.
(மல்லாவி மாணவன்)

பதில்: அப்பா சரியாகத்தான் சொல்கிறார், எந்த வயதுக்காரர் என்றும் தெரிகிறது. வன்னிக்குள் பற்றரியும் மண்ணெண்ணெயும் வராத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட ஆட்கள் நாங்கள். செத்த ரேடியோவின் ஸ்பீக்கர் இரண்டைக் கழற்றி, எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் இடையில் வயர் இழுத்து, ஒன்றில் கதைத்தால் மற்றதில் கேட்க வைத்திருந்தேன். அம்பிளிபயர் கிடையாது. காதை ஒட்டி வைத்தால் நுளம்பு மாதிரிக் கேட்கும், சித்தி அதில் “சோறு ஆறுது, வா” என்று கூப்பிடுவா, அவ்வளவுதான் அதன் பிரயோசனம்.

ஸ்பீக்கரும் டைனமிக் மைக்கும் உள்ளே ஒன்றுதான், சுருளும் காந்தமும். கரண்ட் கொடுத்தால் கூம்பு ஆடும், கூம்பை ஆட்டினால் கரண்ட் வரும். பழைய இன்டர்கொம் எல்லாம் ஒரே ஸ்பீக்கரை மாறிமாறி இரண்டு வேலைக்கும் பாவித்தவைதான். ஆனால் தம்பி, முதல் கேள்வியில் சொன்னது இங்கேயும் வரும். 8 ஓம் ஸ்பீக்கர் தருகிற சிக்னல் மிக மெல்லியது, எலெக்ரெட் முனையில் நேராகப் பூட்டினால் கேட்காது. பழைய ட்ரான்சிஸ்ரர் ரேடியோவில் இருக்கிற குட்டி அவுட்புட் ரான்ஸ்போமரைத் திருப்பிப் பூட்டுங்கள், 8 ஓம் பக்கம் ஸ்பீக்கருக்கு, ஆயிரம் ஓம் அளவுள்ள மற்றப் பக்கம் போட்டுக்கு, இடையில் ஒரு 10 மைக்ரோபரட் கொண்டென்சர், அதன் பிளஸ் போட்டின் பக்கம் இருக்க வேண்டும். கொண்டென்சர் இல்லாவிட்டால் போட்டின் வோல்ட் ரான்ஸ்போமருக்குள் இறங்கிவிடும்.

முதலில் மேசையில் வைத்துப் பழகு. லிப்டில் பூட்டுவதைப் பராமரிப்புக்காரர் பார்த்துக்கொள்வார், அந்த இரண்டு கிழமையும் லிப்ட் வாசலில் ஒரு தாளில் காவலாளியின் தொலைபேசி இலக்கத்தை எழுதி ஒட்டுங்கள், உள்ளேயும் ஒன்று. அப்பாவிடம் பழைய ரேடியோ இன்னும் இருந்தால் எறியவேண்டாம் என்று சொல்லு, ரான்ஸ்போமர் இப்போது கடையில் கிடைப்பது கஷ்டம். ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பைக் கரையான் தின்றிருந்தாலும் பரவாயில்லை.